தோன்றா எழுவாய்: யாழும் வீணையும் செய்த கைகள்

நம் இலக்கிய வட்டத்தின் பத்தாண்டு நிறைவு மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை வேண்டும். அது புதுக்கோட்டை மண்ணோடு தொடர்புடையதாகவும், கவிதை எழுதுவோருக்குப் பயன்படுவதாகவும் இருத்தல் வேண்டும் என்று நண்பர்கள் பணித்தனர். இவ்விரண்டு வரையறைக்கும் பொருந்துவதாக எனக்குத் தோன்றியது நரம்புக் கருவிகளின் வரலாறே. யாழையும் வீணையையும் பாடாத கவிஞர் நம்மிடையே இலர். ஆயின் அவற்றைச் செய்தவரைப் பாடிய கவிஞரை நான் கண்டதில்லை. சங்க இலக்கியத்தில் யாழ் பற்றி ஆய்ந்து முனைவர் பட்டம் பெற்ற நானும் அவர்களை எண்ணிப் பார்த்ததில்லை. அக்குறையை நான் உணர்ந்த வகையையும், உணர்ந்தபின் கண்டவற்றையும் இங்கே எழுதுகிறேன்.

குடுமியான்மலைக் கல்

புதுக்கோட்டைக்கு மேற்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது குடுமியான்மலை. அங்குள்ள மேலைக்கோயில் என்னும் குடைவரையை ஒட்டிய பாறையில், பல்லவக் கிரந்த எழுத்தில் அமைந்த இசைக் கல்வெட்டு 38 வரிகளில் விரிந்து கிடக்கிறது. எழுத்தமைதி கொண்டு அதனை 7-ஆம் நூற்றாண்டை ஒட்டியது என்பர். ஏழு கிராம ராகங்களுக்குரிய சுரங்கள் நான்கு நான்காகத் தொகுக்கப்பட்டு, ஏழு பகுதிகளாகப் பொறிக்கப்பட்டுள்ளன. ருத்ராசாரியர் என்பாரின் மாணவனாகிய, சிவநெறியில் ஆழ்ந்த ஓர் அரசன் மாணாக்கர் நலங்கருதி இச்சுரங்களை அமைத்தான் என்று கல்வெட்டின் இறுதிப் பகுதி கூறுகிறது. அவ்வரசன் மகேந்திரவர்ம பல்லவனே என்று நெடுங்காலம் கருதப்பட்டது. பின்வந்த ஆய்வாளர் பலர் அக்கருத்தை மறுத்துள்ளனர். இச்சுரங்கள் எட்டுக்கும் ஏழுக்கும் உரியன என்னும் தமிழ்க் குறிப்பு ஒன்றும் அங்கே உண்டு. நரம்புகளின் எண்ணிக்கையையே அது சுட்டுவதாக அறிஞர் பலர் கொள்வர்.

குடுமியான்மலையில் மட்டுமன்றித் திருமயம், மலையக்கோயில், புதுக்கோட்டை நகரை ஒட்டிய திருக்கோகர்ணம் ஆகிய இடங்களிலும் 'பரிவாதிநி' என்னும் பெயர் தாங்கிய கல்வெட்டுக் குறிப்புகள் உள்ளன. பரிவாதினி என்பது ஏழு தந்திகளையுடைய வீணை என்று வடமொழி நிகண்டாகிய அமரகோசம் பொருள் கூறும். ஒரு சிறு நிலப்பரப்புக்குள் ஒரு நரம்புக் கருவியின் பெயர் இத்தனை குடைவரைகளில் கல்லில் ஏறியிருப்பது நம் மாவட்டத்திற்குரிய பெருமை எனலாம். திருமயத்தில் மட்டும் அப்பெருமை சிதைந்துவிட்டது. அங்கே சிவன் குடைவரையில் இருந்த இசைக் கல்வெட்டின் பெரும்பகுதி 13-ஆம் நூற்றாண்டில் செதுக்கி அழிக்கப்பட்டு, சிவன் கோயிலுக்கும் பெருமாள் கோயிலுக்கும் இடையே எழுந்த வழக்கின் தீர்ப்பு அவ்விடத்தில் பொறிக்கப்பட்டது.

கல்லில் எஞ்சியவற்றை எண்ணிப் பாருங்கள். அரசன் இருக்கிறான், ஆசிரியர் பெயர் இருக்கிறது, மாணாக்கர் நினைக்கப்படுகின்றனர், கருவியின் பெயரும் இருக்கிறது. மரத்தைக் குடைந்து அக்கருவியைச் செய்தவர் மட்டும் அங்கே இல்லை. பல முறை மாணவியரை அழைத்துச் சென்று அக்கல்வெட்டை விளக்கியிருக்கிறேன். ஒருமுறைகூட இந்த இன்மை என் கண்ணில் பட்டதில்லை.

பாட்டில் உள்ள யாழ்

கல்லைவிடப் பாட்டு இவ்வகையில் வளமுடையது. பொருநராற்றுப்படை யாழின் உறுப்பு ஒவ்வொன்றையும் அருகிருந்து பார்த்தவர் பாடியது. யாழின் பத்தர் மானின் பிளவுபட்ட குளம்பை ஒத்தது என்கிறார் முடத்தாமக்கண்ணியார். மேலே போர்த்த தோலின் நிறத்திற்கு விளக்கின் சுடரையும், தோலை இணைத்த தையலுக்கு இளஞ்சூல் கொண்ட பெண்ணின் வயிற்றில் ஒழுகிய மெல்லிய மயிரையும் உவமை காட்டுகிறார். துளைகளை மறைத்து முடுக்கிய ஆணிகள் அவர்க்கு நண்டின் கண்களாகத் தோன்றுகின்றன. தலையெடுத்த பாம்பு போன்றது தண்டு; மாநிறப் பெண்ணின் முன்கை வளைகள் போன்றவை திவவுகள். ஓர் ஆணி எவ்வளவு நேர்த்தியாக அடிக்கப்பட்டிருந்தால் கவிஞரின் கண் அதில் தங்கி நண்டை நினைத்திருக்கும்! அவ்வுவமையின் பெருமையில் ஒரு பங்கு ஆணி அடித்தவருக்கும் உரியது அன்றோ?

மலைபடுகடாம் இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. அங்கே உறுப்புகளோடு செய்தொழிலும் பேசப்படுகிறது. நரம்பின் குற்றம் நீங்க உருவுதல், நுண்ணிய துளையிடுதல், பத்தரைப் பசையிட்டுச் சேர்த்தல், துளை இறுக ஆணி முடுக்குதல், பொன்னிறத் தோலைப் புதிதாகப் போர்த்தல் என ஒரு பட்டறையின் வேலைகளையே பெருங்கௌசிகனார் வரிசைப்படுத்துகிறார். இத்தொழில்கள் பெரிதும் வினையெச்சங்களாக அடுக்கி வருகின்றன. அவற்றைச் செய்தவர் பாணர்தாமா, தச்சரா, தோல்வினைஞரா என்று தனித்துச் சுட்டப்படவில்லை.

இலக்கணத்தில் தோன்றா எழுவாய் என்று ஒன்று உண்டு. 'வந்தான்' என்று சொன்னால் 'அவன்' என்பது வெளிப்படாவிடினும் வினைமுற்றின் விகுதி அவனைக் காட்டிக்கொடுக்கும். வினையெச்சத்திற்கு அவ்விகுதியும் இல்லை. ஒட்டி, முடுக்கி, போர்த்து என்று நின்றுவிட்டால் செய்தவர் ஆணா பெண்ணா, ஒருவரா பலரா என்பதும் தெரியாது. நம் இசைக்கருவி வரலாறு முழுவதும் இத்தகைய வினையெச்சங்களால் எழுதப்பட்டிருக்கிறது என்பதே இக்கட்டுரையின் துணிபு.

விலக்காக ஒரு காட்சி பெரும்பாணாற்றுப்படையில் உண்டு. ஆநிரை மேய்க்கும் இடையன் தானே துளையிட்ட குழலை ஊதிச் சலித்தபின், குமிழ மரத்தின் உட்புழையுள்ள கொம்பை வளைத்து, மரல் நாரை நரம்பாகக் கட்டிய வில்யாழை இசைக்கிறான். செய்தவனே இசைப்பவனாகவும் இருந்தமையால் அவனுக்குப் பாட்டில் இடம் கிடைத்தது. அவனுக்கும் பெயர் இல்லை.

பட்டறையில் எழுந்த கேள்வி

சில ஆண்டுகளுக்கு முன் தஞ்சாவூரில் வீணை செய்யும் முதியவர் ஒருவரின் பட்டறைக்குச் சென்றிருந்தேன். என் ஆய்வு நூலை அவரிடம் கொடுத்து, சங்க காலத்து யாழ் வகைகளை எடுத்துரைத்தேன். பேரியாழுக்கு 21 நரம்பு, மகரயாழுக்கு 19, சகோடயாழுக்கு 14, செங்கோட்டியாழுக்கு 7 என்று உரையாசிரியர் தந்த கணக்கை ஒப்பித்தேன். அவர் உளியைக் கீழே வைத்துவிட்டுப் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "எல்லாம் சரிம்மா. இதையெல்லாம் யார் செஞ்சாங்கன்னு இந்தப் புத்தகத்துல எழுதியிருக்கீங்களா?" என்றார்.

"இல்லைங்கய்யா. இலக்கியத்துல அது இல்லை" என்றேன்.

"இலக்கியத்துல இல்லேன்னா போகட்டும்மா. அவங்க யாருன்னு தெரியலைன்னாவது நீங்க எழுதியிருக்கலாமே" என்று சொல்லிவிட்டு அவர் மீண்டும் வேலையில் இறங்கினார்.

முந்நூறு பக்க ஆய்வேட்டில் அந்த ஒரு வரி இல்லை. வாய்மொழித் தேர்விலும் யாரும் அதைக் கேட்கவில்லை. கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டவர் அவர் ஒருவரே.

பலாமரம் வீணையாதல்

தஞ்சை வீணை பலாமரத்தால் ஆவது. பண்ருட்டிப் பக்கத்திலிருந்து வரும் முற்றிய மரத்திற்குப் பட்டறைகளில் தனி மதிப்பு உண்டு. குடம், தண்டி, யாளிமுகம் ஆகிய மூன்றையும் ஒரே மரத்தில் குடைந்து எடுப்பது ஏகாந்த வீணை. தனித்தனியே செய்து இணைப்பது ஒட்டு வீணை. ஒரே மரத்தில் செய்வதற்கு வழுவற்ற பெரிய மரம் வேண்டும்; ஓரிடத்தில் உளி தவறினால் மரம் முழுவதும் வீணாகும். குடத்தின் சுவர் மிகத் தடித்தால் ஒலி அடங்கிவிடும். மிக மெலிந்தால் கருவி தாங்காது. இந்த அளவைக் கைவினைஞர் விரலால் தட்டிச் செவியால் அறிகின்றனர்.

குடத்தின் மேல் மெல்லிய பலகை பொருத்தப்படுகிறது. அதன்மேல் குதிரை நிற்கிறது; குதிரையின் தலையில் உலோகத் தகடு. அத்தகட்டின் வளைவைச் சிறிது சிறிதாகத் தேய்த்து அமைப்பதில்தான் வீணைக்கே உரிய கார்வை பிறக்கிறது. தந்தி தகட்டைத் தொட்டும் தொடாமலும் அதிர வேண்டும். நான்கு தந்திகள் வாசிப்பதற்கு. மூன்று பக்கத் தந்திகள் தாளத்திற்கு. தண்டியின் மறுமுனையில் சுரைக்குடுக்கை. அலங்காரத்திற்கு முன்னாளில் யானைத் தந்தத்தையும் மான்கொம்பையும் இழைத்தனர். சட்டம் அவற்றைத் தடைசெய்தபின் பிளாஸ்டிக் தகடு அவ்விடத்தைப் பிடித்தது.

எல்லாவற்றுக்கும் மேலானது மெட்டு அமைக்கும் வேலை. ஒரு தாயிக்குப் பன்னிரண்டாக இரண்டு தாயிக்கு 24 மெட்டுகள். இந்த 24 மெட்டு வீணை தஞ்சை நாயக்கர் இரகுநாதர் காலத்தில், அதாவது 17-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், நிலைபெற்றது என்பது இசையுலக மரபு. மெட்டுகள் மரத்தில் நேராக அறையப்படுவதில்லை. கருநிறம் ஏற்றிய தேன்மெழுகுப் படுகையில் பதிக்கப்படுகின்றன. மெழுகு இளகியிருக்கும்போதே ஒவ்வொரு மெட்டையும் மயிரிழை அளவு நகர்த்தி, தந்தியை மீட்டிச் சுரம் பார்த்து நிறுத்துகின்றனர். அந்த வேளையில் கைவினைஞர் இசைவாணராகவே ஆகிவிடுகிறார். கோடைச் சூட்டில் மெழுகு இளகி மெட்டு நகர்ந்தால் மீண்டும் அவரிடமே கருவி வர வேண்டும். வீணை வாசிப்பவரின் சுரத்தூய்மை இவர் செவியை நம்பியே நிற்கிறது. ஆயின் கச்சேரி விளம்பரத்தில் இவர் பெயரை நாம் காண்பதில்லை.

பெயர் எழுதிய கைகள்

உலகெங்கும் இவ்வாறே என்று சொல்வதற்கில்லை. வீணையைப் போன்று மரக்கூடும் மெட்டும் தந்தியும் கொண்ட கருவி கித்தார். ஸ்பெயின் நாட்டு அல்மேரியாவில் 1817-இல் பிறந்து 1892-இல் மறைந்த அந்தோனியோ தெ தோரஸ் என்னும் தச்சரே இன்றைய செவ்வியல் கித்தாருக்கு வடிவம் தந்தவராகப் போற்றப்படுகிறார். கித்தாரின் ஒலிக்கு உயிரிடம் மேற்பலகையே என்று காட்டுவதற்காக, 1862-இல் முதுகையும் பக்கங்களையும் காகிதக்கூழ் அட்டையால் செய்து ஒரு கித்தாரை அவர் உருவாக்கினார். அக்கருவி இன்று பார்சலோனா இசை அருங்காட்சியகத்தில் உள்ளது. தொழில் இரகசியம் என்ன என்று கேட்டவரிடம், பெருவிரலும் சுட்டுவிரலும் பலகையைத் தொட்டு உணர்வதில்தான் அது இருக்கிறது; அதை எழுதி வைக்க இயலாது என்னும் பொருளில் அவர் கூறியதாக ஒரு செய்தி உண்டு. தஞ்சைப் பட்டறையில் குடத்தைத் தட்டிப் பார்க்கும் விரலும் வேறு எதனைச் சொல்லும்?

தோரஸும் வறியவரே. வருவாய் போதாமல் இடையில் சில ஆண்டுகள் பீங்கான் கடை வைத்துப் பிழைத்தார். ஆயினும் தாம் செய்த கருவிகளுக்குள் தம் பெயர் அச்சிட்ட சீட்டை ஒட்டினார். ஒலித்துளை வழியே நோக்கினால் அப்பெயர் தெரியும். அந்தச் சிறு காகிதத்தால் அவர் வரலாறு எழுதப்பட்டது. அவர் கருவிகளை அளந்து பிறர் கற்றனர். ஒரு கைமரபு உலகெங்கும் பரவியது. பெயர் இருந்தமையால் புகழ் மட்டும் வரவில்லை. தொழிலும் தொடர்ந்தது. இதனையே நாம் கருத்தில் இருத்த வேண்டும்.

கைமரபு அற்றதன் விளைவு

நம் யாழுக்கு நேர்ந்தது இதற்கு மறுதலையானது. பாணர் குலம் தன் செல்வாக்கை இழந்தது, வீணை ஓங்கியது, யாழ் வழக்கொழிந்தது. காரணங்கள் பலவாக இருக்கலாம். விளைவு ஒன்றுதான்: யாழ் என்னும் சொல் பாட்டில் வாழ்ந்தது, செய்யும் கை மறைந்தது. கை மறைந்தபின் மீட்பது எத்துணை அரிது என்பதற்குச் சான்று விபுலாநந்த அடிகளாரின் உழைப்பு.

இலங்கையின் காரைதீவில் 1892-இல் பிறந்த அடிகளார் தமிழிலும் அறிவியலிலும் கணிதத்திலும் ஒருங்கே புலமை வாய்ந்தவர். சிலப்பதிகார அரங்கேற்று காதையில் யாழாசிரியன் இலக்கணம் கூறும் பகுதியை ஆராயப் புகுந்த அவர், பல்லாண்டு உழைத்து 'யாழ் நூல்' என்னும் பெருநூலை இயற்றினார். அப்பணியில் நம் ஊருக்கும் பங்குண்டு. கோனூர் ஜமீன்தார் சிதம்பரம் செட்டியார் அவருக்குப் புரவலராக விளங்கினார். புதுக்கோட்டையில் தங்கியும் அடிகளார் இந்நூலுக்காக உழைத்தார். 1947 ஜூன் திங்கள் 5, 6 ஆகிய நாள்களில் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில், கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் ஆதரவில் நூல் அரங்கேறியது. ஆய்வின் வழி அமைக்கப்பட்ட கருவிகள் ஊர்வலமாக எடுத்துவரப்பட்டன, க.பொ. சிவானந்தம் இசைத்துக் காட்டினார். அவ்வாண்டு ஜூலை 19 அன்று அடிகளார் மறைந்தார்.

யாழ் நூலில் 'யாழுறுப்பியல்' என்றே ஓர் இயல் உண்டு. வடிவம், அளவு, நரம்பின் கணக்கு ஆகியன அங்கே நுணுகி ஆராயப்படுகின்றன. அரங்கேற்ற மேடையில் யாழ் ஒலித்தது. பின்னர் அது வீடுகளுக்கும் மேடைகளுக்கும் பரவவில்லை. நூல் செம்மையானது, கேட்டோர் மகிழ்ந்தனர். ஆனால் அந்த அளவுகளை வைத்துக்கொண்டு, ஆண்டுதோறும் செய்து, பிழைத்து, திருத்தி, மகனுக்கும் மாணவனுக்கும் கற்றுக்கொடுக்கும் பட்டறை ஒன்று எழவில்லை. அன்று மேடைக்கு வந்த யாழைச் செய்தவர் பெயரை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? அடிகளாரின் கணக்குக்கு மரத்தில் விடை கண்டவர் அவரல்லரோ!

புதுக்கோட்டை தந்த விலக்கு

இதற்கு விலக்கான பெயர் ஒன்று நம் நகரிலேயே உண்டு. கஞ்சிராவுக்கு இன்றைய கச்சேரி வடிவத்தையும் தகுதியையும் தந்தவர் புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளை என்பதை இசையுலகம் ஒப்புகிறது. அவர் வழியில் வந்த தட்சிணாமூர்த்திப் பிள்ளை அக்கருவியின் புகழை நாடறியச் செய்தார். கஞ்சிரா நரம்புக் கருவி அன்று, தோற்கருவி. எனினும் நம் பொருளுக்கு அது ஒரு பாடம் தருகிறது. கருவியை அமைத்தவரே அதனை வாசித்தவராகவும் மாணவரை உருவாக்கியவராகவும் இருந்தமையால் பெயரும் நின்றது, மரபும் நின்றது. பெரும்பாணாற்றுப்படையின் இடையனுக்குக் கிடைக்காத பெயர் மான்பூண்டியா பிள்ளைக்குக் கிடைத்தது.

இன்றைய நிலை

தஞ்சாவூர் வீணைக்கு 2013-இல் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. இந்திய இசைக்கருவிகளுள் அத்தகுதியை முதலில் பெற்றது அதுவே. மகிழ வேண்டிய செய்திதான். ஆனால் அக்குறியீடு ஊரின் பெயரைக் காக்கிறது. கைவினைஞரின் பெயரைக் காக்கவில்லை. முற்றிய பலா கிடைப்பது அருகுகிறது. உழைப்புக்கேற்ற கூலி இல்லை. நான் கண்ட முதியவரின் மக்களும் வேறு தொழிலுக்குச் சென்றுவிட்டனர். எந்த நிலையில் யாழ் மறைந்ததோ அந்த நிலையின் வாயிலில் வீணை நிற்கிறதோ என்னும் அச்சம் எனக்கு உண்டு.

நம்பிக்கை தரும் செய்தியும் ஒன்று உண்டு. சென்னையில் கித்தார் முதலிய கருவிகளைச் செய்துவரும் தருண் சேகர் என்னும் இளைஞர், 2020-ஐ ஒட்டிய ஆண்டுகளில் சங்க நூற் குறிப்புகளைத் துணைக்கொண்டு வில்வடிவ யாழைச் செய்து இசைக்கச் செய்தார். சங்க காலத்து யாழும் இவர் செய்ததும் ஒன்றே என்று எவரும் சொல்ல இயலாது. ஆயினும் பாட்டில் படித்த உவமைகளை மரத்தில் தேடிய ஒரு கை மீண்டும் தோன்றியிருக்கிறது. அக்கைக்குப் பயிற்சி தந்தது கித்தார் என்பதும், இம்முறை செய்தவரின் பெயர் நமக்குத் தெரியும் என்பதும் எண்ணி மகிழத் தக்கன.

கவிஞர்களுக்கு ஒரு வேண்டுகோள்

இக்கட்டுரையை எழுதத் தொடங்கியபின் அந்தப் பட்டறைக்கு மீண்டும் சென்றேன். ஒரு வீணை முடியும் தறுவாயில் இருந்தது. மேற்பலகை இன்னும் ஒட்டப்படவில்லை. "ஐயா, உள்ளே உங்க பேரை எழுதி வைங்களேன்" என்றேன். அவர் சிரித்தார். "மூடினப்புறம் யாரும்மா பார்க்கப் போறாங்க?" என்றார். நான் வற்புறுத்தவே, பென்சிலை எடுத்துக் குடத்தின் உட்சுவரில் தம் பெயரையும் தம் தந்தையார் பெயரையும் எழுதினார். மறுநாள் பலகை மூடப்பட்டிருக்கும். என்றேனும் அவ்வீணை பழுதுபார்க்கத் திறக்கப்படும் நாளில், மற்றொரு கைவினைஞர் அவ்விரு பெயர்களையும் படிப்பார்.

நம் வட்டத்தில் அரங்கேறும் கவிதைகளில் யாழும் வீணையும் இனியும் வரட்டும். வரும்போதெல்லாம், ஒட்டியும் முடுக்கியும் போர்த்தும் அவற்றை ஆக்கியவர் யார் என்று ஒரு கணம் எண்ணுவோம். உங்கள் இல்லத்தில் வீணையோ தம்புராவோ இருக்குமாயின் அதைச் செய்தவர் பெயரை மூத்தோரிடம் கேட்டு எழுதி வையுங்கள். தெரியாவிடின், தெரியவில்லை என்றேனும் எழுதி வையுங்கள். என் ஆய்வேட்டில் விடுபட்ட அந்த ஒரு வரியை இம்மலரில் இன்று எழுதுகிறேன்: பொருநராற்றுப்படையின் யாழைச் செய்தவர் யார் என்பது நமக்குத் தெரியவில்லை, ஆனால் அவர் அடித்த ஆணி நண்டின் கண்போல் இருந்தது.